கிளட்ச் பிளேட்டில் ஒரு பொட்டு

என் மனைவி மாரிக்கனி கடைசியாகச் செய்த வேலை, புது கிளட்ச் பிளேட்டுக்குப் பொட்டு வைத்ததுதான்.

அன்று வியாழக்கிழமை. ராஜபாளையத்தில் ஸ்பேர் கடையில் பிளேட்டை வாங்கி, அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் மம்சாபுரம் வந்து சேர்ந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு, வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். அதைச் சொன்னதும் மாரிக்கனிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எண்பத்தாறுல பொறந்தவனுக்குன்னு சொல்ல வேண்டியதான" என்றாள்.

எங்கள் டிராக்டர் அந்த வருஷத்து வண்டி. அவளுடைய அப்பா வாங்கியது. அவருக்குப் பிறகு அவள்தான் ஓட்டினாள். எங்கள் காட்டையும் உழுது, அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கும் உழுது கொடுத்தாள். நான் முப்பத்தொரு வருஷம் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் செக்கிங் பார்த்தவன். துணியில் இழை விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத் தள்ளுவதுதான் என் தொழில். டிராக்டரில் நான் ஏறியதெல்லாம் மட்கார்டில் உட்கார்ந்து போகத்தான்.

பெட்டியைப் பிரித்து, பிளேட்டின் கறுப்பு விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். நல்ல சாமான்தான் என்றாள். பிறகு விளக்கிலிருந்து ஒரு சொட்டு நல்லெண்ணெயை உள்ளங்கையில் விட்டு, குங்குமத்தைக் குழைத்து, விளிம்பில் ஒரு பொட்டு வைத்தாள். வீட்டுக்குள் வருகிற எதையும் அவள் வெறுமனே விடமாட்டாள். மிக்சி, மண்வெட்டி, ஃபேன் பெல்ட், எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. வெறும் குங்குமம் உதிர்ந்துவிடும் என்று எண்ணெயில் குழைப்பாள்.

"வில்சன் ஏசப்போறான்" என்றேன்.

"அவன் தொடைப்பான். தொடைச்சிட்டுப் போறான். நான் வைக்கிறத வச்சாச்சி."

வில்சன் எங்கள் மெக்கானிக். ஸ்ரீவில்லிபுத்தூரில் பட்டறை. இவள் பொட்டு வைப்பதும், அவர் "இது ஏர்க் கலப்பை இல்லக்கா, மெசினு" என்று சொல்லிக்கொண்டே துடைப்பதும் இருபது வருஷமாக நடந்துவந்தது. இரண்டு பேருமே அதை விடுவதாக இல்லை.

மறுநாள் காலை தொழுவத்துக்குப் போனவள் வாளியோடு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது. சனிக்கிழமை வேலைக்கு வருவதாக இருந்த வில்சன் வெள்ளிக்கிழமையே மாலையோடு வந்து நின்றார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. இது டிராக்டர் கதை.

எங்கள் மகன் வல்லரசு ராணுவத்தில் இருக்கிறான். காரியமெல்லாம் முடிந்து ஜம்முவுக்குத் திரும்பிப் போனவன், ஒரு வாரம் கழித்துப் போனில் வண்டியை விற்றுவிடலாம் என்றான். கூமாப்பட்டியில் ஒருவர் கேட்டிருக்கிறாராம்.

"யாருப்பா ஓட்டப்போறா. சும்மா நிறுத்தினா துருப்பிடிச்சிரும்."

"நான் ஓட்டுதேன்."



"நீங்க சைக்கிளையே பாலத்துல இறங்கி உருட்டிக்கிட்டுத்தானப்பா போவிய."

எனக்கு அந்த வண்டி போகக்கூடாது. ஏன் என்று அவனிடம் விளக்கத் தெரியவில்லை. பக்கத்துக் காட்டு வேலுத்தாய்க்கு ரெண்டு ஏக்கர் உழுது தருவதாக மாரிக்கனி சொல்லியிருந்தாள், கிளட்ச் மாற்றின கையோடு வருகிறேன் என்று. அதைப் பிடித்துக்கொண்டேன். புரட்டாசி மழைக்கு முன்னால் அந்த ரெண்டு ஏக்கரை நான் உழுதுவிட்டால் விற்கிற பேச்சு கிடையாது. முடியாவிட்டால் கூமாப்பட்டிக்காரர் வந்து கொண்டுபோகட்டும். வல்லரசு சரி என்றான். எப்படியும் விற்கப்போகிறோம் என்கிற சரி அது.

அடுத்த வாரம் வில்சன் சாமான்களோடு வந்தார். கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். இன்ஜின் ஒரு பக்கம் கட்டைகள்மேல் நிற்கும். கியர்பாக்ஸும் பெரிய சக்கரங்களும் இன்னொரு பக்கம் தள்ளிப் போகும். வேலுத்தாய் வரப்பில் நின்று பார்த்தாள்.

"மறுபடி சேத்துருவியளா, இல்ல பாகம் பிரிச்சதுதானா?"

"உனக்குப் பின்பாதி வேணுமா, முன்பாதி வேணுமா?" என்றார் வில்சன்.

"உழுறது எந்தப் பாதியோ அது."

வில்சன் புதுப் பிளேட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார். பொட்டு காயாமல் அப்படியே இருந்தது.

"அக்கா வச்சதா?"

"முந்தின நாள் சாயங்காலம்."

பிளேட்டை என் கையில் கொடுத்தார். ஒரு டப்பாவில் கொஞ்சம் பெட்ரோலும் ஊற்றிக் கொடுத்தார். "நான் தொடைக்கலண்ணாச்சி. நீங்களே தொடைங்க. எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் பிளேட்டு ஒழுங்கா பிடிக்காது. வண்டி உதறும்."

வீட்டுக்குள் கொண்டுபோனேன். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன பேண்டேஜ் துணிச்சுருள் ஒன்று எப்போதும் அலமாரியில் இருக்கும். அதில் கிழித்து, பெட்ரோலில் நனைத்து, இரண்டு பக்கமும் துடைத்தேன். பொட்டைச் சுற்றி வட்டமாக, மிகவும் திருத்தமாகத் துடைத்தேன். பொட்டைத் தொடவில்லை. ஒரு ரூபாய் அளவு கூட இல்லாத இடம், அது என்ன செய்துவிடப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிளேட்டில் எந்தப் பக்கம் இன்ஜினைப் பார்க்க வேண்டும் என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. பொட்டு இருந்த பக்கம்தான் அது. நானே கொண்டுபோய் வைத்துப் பிடித்துக்கொண்டேன். பொட்டு உள்ளே மறைந்தது.

"சுத்தமா?" என்றார் வில்சன்.

"சுத்தம்."

"முப்பத்தொரு வருசம் செக்கிங் பாத்தவிய. உங்களக் கேக்கவே வேண்டாம்."

பழைய ஷாப்ட் ஒன்றை நடுவில் விட்டு பிளேட்டை மையம் பார்த்தார். போல்டுகளை முடுக்கினார். கிளட்ச்சை அழுத்தும் மூன்று இரும்பு விரல்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமாம். தானே வெட்டி வைத்திருந்த பித்தளைத் துண்டு ஒன்றை வைத்து, ஒவ்வொரு விரலையும் நட்டைத் திருகி மட்டம் பார்த்தார். மறுநாள் மத்தியானம் இரண்டு பாதியும் ஒன்று சேர்ந்தன.

ஸ்டார்ட் பண்ணினார். கியரைப் போட்டுக் காலை மெல்ல எடுத்தார். வண்டி நகர்வதற்குப் பதில் தடதடவென்று ஆடியது. பானட் குலுங்கியது. டூல்பாக்ஸ் மூடி தெறித்து விழுந்தது. வேலுத்தாயின் கோழி ஒன்று வேலியைத் தாண்டிப் போய்விட்டது.

"பெடல்ல ப்ளே பத்தல" என்று வில்சன் கீழே படுத்தார்.

பெடலை மிதிக்கும்போது முதலில் சும்மா போகிற கொஞ்ச தூரத்தைத்தான் அவர்கள் ப்ளே என்கிறார்கள். பெடலுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே உள்ள ராடில் ஒரு நட்டைத் திருகி அதைக் கூட்டலாம், குறைக்கலாம். வில்சன் கூட்டினார். வண்டி ஆடியது. குறைத்தார். இன்னும் நன்றாக ஆடியது. அரைச் சுற்று இந்தப் பக்கம், கால் சுற்று அந்தப் பக்கம். ஒவ்வொரு தடவையும் கீழே படுப்பார், எழுந்து ஏறுவார், இறங்குவார். ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்குக் காரணம் தெரியும். இன்னும் அரைச் சுற்றில் சரியாகிவிட்டால் சொல்ல வேண்டியிருக்காது என்று காத்திருந்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே போயிற்று.

சாயங்காலம் நாலு மணிக்கு வில்சன் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் மண். கையை விரித்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"என் தப்புதான் அண்ணாச்சி. மூணு வெரலும் ஒரே மட்டம்னு நெனச்சுத்தான் வச்சேன். கண்ணு ஏமாத்திருக்கு. முப்பது வருசத்துல ஒரு வண்டியும் எங்கிட்ட இப்படி ஆடுனதில்ல. அக்கா வண்டில வந்து ஆடணுமா." கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "ராஜபாளையத்துல ஒரு ஆள் இருக்கான். நாளைக்கு அவன வரச் சொல்லுதேன். எனக்கு நீங்க ஒண்ணும் தர வேண்டாம்."

வேலுத்தாய் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வில்சன்" என்றேன். "உங்க கையில தப்பில்ல. நான் பொட்டத் தொடைக்கல."

அவர் தலையைத் தூக்கினார்.

"சுத்தம்னு சொன்னிய."

"பொட்டு தவிர மத்ததெல்லாம் சுத்தம்."

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். நான் வேட்டி முனையைப் பார்த்தேன். அவருக்கு முதலில் மூக்குதான் ஆடியது. பிறகு தோள். பிறகு மரத்தில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார்.

"பொட்டு வச்சா சாமி ஆடத்தான செய்யும். அதுவும் சர்ச்சுக்குப் போறவன் மாட்டிவிட்டா கேக்கவா வேணும்."

"நானும் பாத்தேன்" என்றாள் வேலுத்தாய். "ஆடும்போது ஏதாவது குறி சொல்லுமான்னுதான் இம்புட்டு நேரம் உக்காந்திருந்தேன்."

சிரித்து முடித்தபின் வில்சன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அண்ணாச்சி, ரெண்டு நாளா என்னயத் தரையில உருட்டுனியளே. அது நல்லா இல்ல."

"நல்லா இல்லதான்" என்றேன்.

மறுநாள் வண்டியை மறுபடி பிரித்தோம். எனக்கு அதற்குள் எந்த போல்டுக்கு எந்த ஸ்பேனர் என்று மனப்பாடமாகியிருந்தது. பிளேட் வெளியே வந்தபோது பொட்டு இல்லை. தேய்ந்து இழுபட்டு, விளிம்பில் பாதி தூரத்துக்கு ஒரு பழுப்புப் பட்டையாக ஓடியிருந்தது. நான் காப்பாற்றி வைத்ததாக நினைத்த பொருள் முதல் நிமிஷத்திலேயே போய்விட்டிருக்கிறது. வில்சன் உப்புத்தாள் ஒன்றை நீட்டினார்.

மேசை மேல் எத்தனையோ நல்ல துணியை ஒரு கறைக்காகத் தள்ளிவிட்டவன் நான். ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று கொஞ்சம் யோசித்தேன். பிறகு தேய்த்தேன். பெட்ரோலில் துடைத்தேன், மறுபடி தேய்த்தேன். வில்சன் பிளேட்டை வாங்கி வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே செக்கிங் நான்தான்" என்றார். "வெளிய எங்க வேணாலும் வைங்க. பானட் பூரா வைங்க. உள்ள மட்டும் வேண்டாம்."

இந்தத் தடவை வண்டி ஆடவில்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நகர்ந்தது. வில்சன் என்னை சீட்டில் ஏறச் சொல்லிவிட்டு, கீழே உட்கார்ந்து ப்ளே வைத்தார்.

"அக்காவுக்குக் கால் எட்டாதுன்னு அரை இஞ்சுதான் வச்சிருந்தேன். பழைய பிளேட்டு சீக்கிரம் தேஞ்சதே அதனாலதான். நானும் சொல்லிப் பாத்தேன், கேக்கல. உங்களுக்கு ஒரு இஞ்சு. கையால அமுக்கிப் பாருங்க. லேசா போகுதா? இப்ப கெட்டியாகுதா? அந்தக் கெட்டி வார வரைக்கும் சும்மா போகணும். கியர் மாத்துறப்ப தவிர காலப் பெடல் மேல வைக்காதிய. வச்சுக்கிட்டே ஓட்டினா எனக்கு மறுபடி வேலை வரும். எனக்கு நல்லதுதான்."

முதல் நாள் ஒன்பது தடவை வண்டியை நிறுத்தினேன். காலைச் சட்டென்று எடுத்துவிடுவேன். இன்ஜின் ஒரு குதி குதித்து அணைந்துவிடும். வேலுத்தாய் ஒவ்வொரு தடவையும் எண்ணிச் சொன்னாள். பத்தாம் தடவை, செக்கிங் மேசையில் துணியை இழுக்கிற வேகத்தை நினைத்துக்கொண்டேன். வேகமாக இழுத்தால் கறை தெரியாது, மெதுவாக இழுத்தால் சூப்பர்வைசர் வருவார். அந்த வேகத்தில் காலை விட்டேன். வண்டி நகர்ந்தது.

மாரிக்கனி மூன்று மணி நேரத்தில் முடிக்கிற ரெண்டு ஏக்கரை நான் ரெண்டு நாள் உழுதேன். மழைக்கு நாலு நாள் மிச்சம் இருந்தது. வேலுத்தாய் இடுப்பில் கைவைத்துக் காட்டைப் பார்த்தாள்.

"அண்ணே, மக்காச்சோளம் நட்டா அது வளைஞ்சு வளைஞ்சுல்ல நிக்கும்."

"ஆடு புகுந்தா வழி தெரியாம நிக்கும்ல, அதுக்குத்தான்."

அவள் அதைப் போனில் படமெடுத்து வல்லரசுக்கு அனுப்பிவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் கூப்பிட்டான்.

"அப்பா, ஒரு உழவுசால்கூட நேரா இல்லையே."

"உழுதாச்சா இல்லையா?"

"உழுதாச்சு." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "கூமாப்பட்டிக்காரர்ட்ட நானே சொல்லிருதேன்" என்றான்.

இப்போது மூன்று பேருக்கு உழுது கொடுக்கிறேன். சால் முன்னைக்கு இப்போது பரவாயில்லை. வில்சன் மாதம் ஒரு தடவை வந்து ப்ளேயை அமுக்கிப் பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டுப் போகிறார்.

வரப்போரம் வந்து வண்டியைத் திருப்பும்போது மட்டும் ரிவர்ஸ் கியர் முதல் தடவையில் விழாது. கறகறவென்று ஒரு சத்தம் போட்டு வெளியே வந்துவிடும். கிளட்ச் பழசாகிவிட்டதால் அப்படி, புதுசு மாற்றினால் சரியாகிவிடும் என்று மாரிக்கனி சொல்லிக்கொண்டிருந்தாள். மாற்றியாகிவிட்டது. அவளுக்கு விழுந்த மாதிரியே எனக்கும் இரண்டாம் தடவைதான் விழுகிறது.