இருவருக்கும் ஒரே டிராம்போன்

ஒக்டேவியாவின் முழங்கால், அவள் ஊதிக்கொண்டிருந்த டிராம்போனை இடித்தது. நீட்டி இழுக்கும் குழாய் கழன்று பறந்து, கார் நிறுத்துமிடத்துத் தூணில் மோதி விழுந்தது.

"போச்சும்மா! எல்லாம் போச்சு!"

படம்பிடித்துக்கொண்டிருந்த அம்மா வெர்னா ஓடிப்போய் எடுத்தாள். "கத்தாதே. மாட்டிப் பாரு, நகருதான்னு."

பாதி வழியில் சிக்கி நின்றது. பல்கலைக்கழக அணிவகுப்பு இசைக்குழுவுக்கு வீடியோ அனுப்பக் கெடு மாலை ஆறு மணி. தனியாக வாசித்தபடியே, முழங்காலை இடுப்புவரை தூக்கி நின்ற இடத்தில் நடை போட வேண்டும். பாதம் வரை படத்தில் தெரிய வேண்டும், வெட்டி ஒட்டக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளியின் இசை அறை பூட்டியிருக்கும். மன்ரோ ஊரில் அவளுக்குத் தெரிந்த இன்னொரு டிராம்போன் ஜோஸ்லினிடம்தான் இருந்தது. ஒரே வகுப்பு, ஒரே வாத்தியம். பள்ளி இசைக்குழுவில் எப்போதும் முதல் நாற்காலி ஜோஸ்லினுக்கு, இரண்டாவது இவளுக்கு. பார்த்தால் தலையாட்டுவதோடு சரி.

வெர்னாவோடு போனபோது, தன் வீட்டுக் கராஜில் நின்றிருந்த ஜோஸ்லின் இவளைப் பார்த்ததும், "என்னடி, வேவு பாக்க வந்தியா?" என்று சிரித்தாள்.

ஒக்டேவியா நசுங்கிய குழாயைக் காட்டினாள். "உன்னோடதைக் கொஞ்சம் தர்றியா?"

ஜோஸ்லினின் சிரிப்பு நின்றது. "நானும் அதே குழுவுக்குத்தான் அனுப்பணும், இன்னும் வீடியோ எடுக்கலைடி. நீ ஃபோனைப் பிடி. நான் முடிச்சதும் தர்றேன்."

முதல் தடவை நாய் குரைத்தது. அடுத்த தடவை ஷூ நாடா அவிழ்ந்தது. ஒக்டேவியாவின் உள்ளங்கை வியர்த்து ஃபோன் வழுக்கியது.

"கை ஆடுதுடி. நான் படகுல நின்னு வாசிக்கிற மாதிரி வரும்."

மூன்றாவது முறை ஜோஸ்லின் பிசிறில்லாமல் வாசித்தாள். "அப்பாடா! கால் முழுசாத் தெரிஞ்சுதா?"

தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்த நேரத்தில் ஃபோன் மேலே சாய்ந்துவிட்டது. பாதங்கள் படத்தில் இல்லை. 'தெரிஞ்சுது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், டிராம்போன் உடனே கைக்கு வந்துவிடும்.

"இல்ல," என்றாள் ஒக்டேவியா. "முட்டிக்குக் கீழ விழல. என் தப்புதான்."

ஜோஸ்லின் கெட்ட வார்த்தை ஒன்றை விழுங்கினாள். மறுபடி நின்றாள், வாசித்தாள், அனுப்பினாள். டிராம்போனை நீட்டியபோது ஆறு அடிக்க ஏழெட்டு நிமிடம்தான் இருந்தது.

"ஒரே தடவைதான். நடுவுல என்ன ஆனாலும் நிறுத்தாதே."

பழகாத வாத்தியம். உச்ச சுரத்தில் ஒலி உடைந்தது. ஆனாலும் கால்கள் நிற்கவில்லை, மீதியை வாசித்து முடித்தாள். அனுப்பும்போது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெர்னா வாய்க்குள் ஜெபம் சொன்னாள். 'வந்து சேர்ந்தது' என்று எழுத்து தோன்றியபோது மூவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மூன்று வாரத்தில் ஜோஸ்லினைக் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். ஒக்டேவியாவுக்கு வந்த பதில் வேறு: கோடையில் நேரில் வந்து இன்னொரு முறை வாசிக்கவும்.

ஜோஸ்லின்தான் ஃபோனில் கூப்பிட்டாள். "அழுதியா?"

"ஆமா."

"சரி, முகத்தைக் கழுவிட்டு வா. அந்த உச்ச சுரத்துக்கு ஒரு வழி பண்ணுவோம்."

ஆகஸ்டில் ஒக்டேவியா நேரில் வாசித்தாள். குழுவின் கடைசி வரிசையில், ஓரத்தில், ஓர் இடம் கிடைத்தது.