இஸ்திரிக்காரர் நனைந்த விதம்

அந்த ஊரில் ஞானஸ்நானத் தண்ணீர் காய்வதில்லை. கைக்குழந்தையாக இருக்கும்போது போதகர் நெற்றியில் தெளித்த மூன்று சொட்டும் ஆயுளுக்கும் அங்கேயே நிற்கும். துடைத்தால் போய்விடும், கைக்குட்டையை மடித்துப் பையில் வைப்பதற்குள் திரும்பி வந்துவிடும். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறவர் நெற்றி மினுங்காமல் இருக்க விளக்கைச் சற்று இடப்பக்கம் தள்ளிவைப்பார். மற்றபடி யாருக்கும் அதனால் தொந்தரவு இருக்கவில்லை. ஊருக்கு ஒரே சபை, ஆளுக்கு மூன்று சொட்டு என்று எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

பிறகு வெளியூர் பாஸ்டர் ஒருவர் வந்து, தெளிப்பு செல்லாது, தலை முழுக முக்கி எடுத்தால்தான் செல்லும் என்றார். நாற்பது பேர் அவரை நம்பிக் குளத்தில் இறங்கினார்கள். ஏறியபோது எப்படிச் சொட்டினார்களோ அப்படியே சொட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தார்கள், அதன்பின் காயவில்லை. பேருந்தில் அவர்களுக்குக் கடைசி இரண்டு வரிசை ஒதுக்கப்பட்டது. இரண்டு வருடத்தில் அவர்களுக்குள்ளேயே, ஒரு முறை முக்குவதா மூன்று முறையா என்று சண்டை வந்து, மூன்று முறைக்காரர்கள் தனியாகப் போனார்கள். அவர்கள் மூன்று மடங்கு சொட்டியதால் தெருவின் அந்தப் பக்கம் பாசி பிடித்தது. அடுத்து, தேங்கிய தண்ணீர் எதற்கும் ஆகாது, ஓடுகிற தண்ணீர் வேண்டும் என்று ஒரு கூட்டம் ஆற்றுக்குப் போனது. அவர்கள் உடம்பில் தண்ணீர் தோளிலிருந்து கணுக்காலுக்கு ஓடிக்கொண்டே இருந்தது, சட்டைப்பையில் சின்ன மீன்கள் இருந்தன. அந்தச் சபையின் ஆராதனைக்கு வாரம் தவறாமல் வந்தவை பூனைகள்தான். இதையெல்லாம் பார்த்து அலுத்துப்போன பதினேழு பேர், தண்ணீரே வேண்டாம், மனசு நனைந்தால் போதும் என்று பிரிந்தார்கள். நெற்றியில் இருந்த பழைய மூன்று சொட்டை வியர்வை என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் கையில் எப்போதும் குடை இருந்தது. மழைக்காக அல்ல, மற்ற நான்கு சபைக்காரர்களுக்காக.

இஸ்திரிக்காரர் தெளிப்புச் சபை. அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமாகி ஆறாவது வருடம் முழுக்குச் சபைக்குப் போய் நனைந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, "என்னங்க, துண்டு எடுங்க," என்றார். இஸ்திரிக்காரர் வீட்டிலிருந்த ஏழு துண்டையும் கொடுத்துப் பார்த்தார். அன்றிலிருந்து இருவருக்கும் தனிக் கட்டில், நடுவில் ஒரு ரப்பர் விரிப்பு. டீச்சர் திருத்திய விடைத்தாள்களில் மதிப்பெண் ஊறி அழிந்துவிட்டதால், அவர் வேலை பார்த்த காலம் முழுவதும் கணக்கில் யாரும் தோற்கவில்லை. அவரைச் சிறந்த ஆசிரியர் என்று இரண்டு தடவை பாராட்டினார்கள்.

டீச்சர் தன் கணவரை முழுக்குக்கு அழைக்காத நாள் இல்லை. அவர் கரி இஸ்திரிப் பெட்டியை ஊதிக்கொண்டே, "துணியை முக்கி எடுக்கறது சலவைக்கடை வேலை டீச்சர். நான் தெளிச்சுத்தான் மடிப்பு எடுக்கறேன். தொழிலுக்குத் துரோகம் பண்ணச் சொல்றியா?" என்பார். ஒருநாள் மட்டும் விளையாட்டை விட்டுவிட்டு வேறு பதில் சொன்னார்: "எங்கம்மா காய்ச்சலோட என்னைத் தூக்கிட்டுப் போய் வாங்கின தண்ணி இது. இது செல்லாதுன்னு நான் எந்த வாயால சொல்றது?" டீச்சர் அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எட்டாம் நாள் எடுத்தார்.

அவர் கவலை கல்லறைத் தோட்டத்தைப் பற்றியது. அங்கே சபைக்குச் சபை சுவர் இருந்தது. செத்ததும் எல்லோரும் ஒரே மாதிரி காய்ந்துவிடுவதால், இடம் வேண்டுகிறவர்கள் உயிரோடு இருக்கும்போதே வந்து பதிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். காவலாளி தண்ணீர் வேண்டாத சபை. கை காய்ந்த ஆள் என்பதால்தான் அவருக்கு அந்த வேலை. வருகிறவரின் முழங்கைச் சட்டையைப் பிடித்துப் பிழிவார். ஈரத்தைப் பார்த்து இடம் சொல்வார். ஒரு சனிக்கிழமை காலை கணவனும் மனைவியும் சேர்ந்து போனார்கள். காவலாளி டீச்சரைப் பிழிந்து, "பள்ளத்துப் பக்கம்," என்றார். இஸ்திரிக்காரரின் மொடமொடப்பான சட்டையைத் தொட்டுப் பார்த்து, "மேட்டுப் பக்கம்," என்றார்.

"ரெண்டு பேரையும் ஒண்ணா போடக்கூடாதாண்ணே?" என்று டீச்சர் கேட்டார்.

"நான் என்னம்மா பண்றது? கை என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதுவேன்."

திரும்பி வரும் வழியெல்லாம் டீச்சர் மூக்கை உறிஞ்சினார். அவர் முகத்தில் எது கண்ணீர் என்று பிரித்துச் சொல்ல முடியாது. "அங்க போய் சுவத்துக்கு இந்தப் பக்கம் நான் யாரோட சண்டை போடறது?" என்றார். "அப்பவாவது நான் கொஞ்சம் நிம்மதியா இருந்துக்கறேனே," என்றார் இஸ்திரிக்காரர். அன்று சாயங்காலம் அவர் ஒரே சட்டையை நான்கு தடவை தேய்த்தார்.

கல்யாணமாகி இருபத்தைந்தாம் வருடம் டீச்சருக்கு இதயம் பழுதானது. ஈரத்தால் வந்தது என்று ஊர் சொன்னது. டாக்டர் இல்லை என்றார். படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை எத்தனை வைத்தாலும் ஊறிச் சரிந்தன. எனவே இஸ்திரிக்காரர் கடையை மூடிவிட்டு, ரப்பர் விரிப்பைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, டீச்சரின் முதுகைத் தன் மார்பில் தாங்கிக்கொண்டார். ஏழு மாதம் அப்படியே இருந்தார். "நனையறீங்க," என்று டீச்சர் முதல் வாரம் சொன்னார். "மழையில நனையறவன்லாம் சபை மாறிட்டானா? பேசாம மூச்சு விடு," என்றார் அவர்.

டீச்சரின் உயிர் போன பகலில் அவர் உடை காய்ந்தது. கூந்தலும் காய்ந்தது, அது இவ்வளவு நரைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. பள்ளத்துப் பக்கத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்து இஸ்திரிக்காரர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். மறுநாள் சட்டை காய்ந்திருந்தது, அவர் காயவில்லை. வேறு சட்டை போட்டார், அதுவும் நனைந்தது. போட்ட சட்டையின் மேலேயே பெட்டியை வைத்துத் தேய்த்தார். ஆவி அடங்கியதும் பழையபடி சொட்டியது. ஒரு மாதம் கழித்து விட்டுவிட்டார்.

விஷயம் பெரிதானது. ஐந்து சபை மூப்பர்களும் பிரிவினைக்குப் பிறகு முதல் தடவையாக ஒரே கூரையின் கீழ், பள்ளிக்கூட மண்டபத்தில், ஐந்து மூலையில் உட்கார்ந்தார்கள். நான்கு மூலைதானே என்று கேட்கக்கூடாது; தண்ணீர் வேண்டாதவர்கள் நடுவில் குடை விரித்து மூலை செய்துகொண்டார்கள். முழுக்குப் பாஸ்டர் விசாரித்தார்.

"யார் கையால வாங்கினீங்க?"

"கையால இல்லைங்க. டீச்சர் முதுகால."

"என்ன வசனம் சொன்னாங்க?"

"ஜன்னலைச் சாத்துங்கன்னாங்க."

தெளிப்புப் போதகர் எழுந்து வந்து அவர் நெற்றியைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். முகம் முழுக்க நீராக வழிந்ததில் மூன்று சொட்டு எங்கே என்று தெரியவில்லை. "எங்க தண்ணியை என்னய்யா பண்ணினீர்?" என்றார்.

"அங்கேதான் இருக்குங்க. எனக்குத் தெரியுது. மத்ததைவிட அது கொஞ்சம் பழசு."

இரண்டு மணி நேரம் விவாதித்தும் முடிவு ஏற்படவில்லை. முதுகால் பெற்றது செல்லும் என்று நான்கு பேர் வெளிநடப்புச் செய்து முதுகுச் சபை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். இஸ்திரிக்காரர் அதில் சேரவில்லை. கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, வழியெல்லாம் ஈரத் தடம் வைத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்துபோனார்.

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். முழங்கையைப் பிடித்துப் பிழிந்தார். கால் டம்ளர் வந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் திறந்து, மேட்டுப் பக்கத்தில் இருந்த பேரை அடித்தார்.

"டீச்சருக்கு இடமா, வலமா?" என்று கேட்டார்.

"இடப்பக்கம். அவளுக்கு வலது காதுதான் கேக்காது."

கடையை அடுத்த திங்கட்கிழமை திறந்தார். துணி கொடுக்க வருகிறவர்கள் மூட்டையைச் சற்றுத் தள்ளி வைப்பார்கள். மேசை ஓரத்தில் முப்பது வருடம் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தை அவர் எடுத்துவிட்டார். துணியை விரித்து, மேலே கையை ஒரு தடவை உதறுவார். அது போதுமானதாக இருந்தது.