நடுத்துண்டு யாருக்கு?

அந்தப் பதிப்பகத்தில் கணக்குப் பாடம் எதுவும் நேராக அச்சுக்குப் போவதில்லை. ஒவ்வொரு பாடத்தையும் முதலில் தனித்தாளாக அடித்து, ஏதாவது ஒரு பள்ளியில் வகுப்பு நடத்திப் பார்ப்பார்கள். எழுதியவரும் படம் போட்டவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. புத்தகத்தோடு சேர்த்து எழுதியவரையும் வீடுவீடாக அனுப்பி விளக்கம் சொல்ல வைக்க முடியாது என்பது பதிப்பாசிரியரின் வாதம். இன்னொரு விதி கொஞ்சம் கொடியது. சிரிக்கக் கூடாத இடத்தில் பிள்ளைகள் சிரித்துவிட்டால், சிரிக்க வைத்த படமோ வரியோ புத்தகத்தில் இருக்காது. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

பதிப்பாசிரியர் அம்மாளை அலுவலகத்தில் எல்லோரும் ‘கவராயம்’ என்பார்கள். எதைப் பேசினாலும் ஒரு புள்ளியில் காலை ஊன்றிக்கொண்டுதான் பேசுவார். பின்னக் கணக்குப் பாடத்தை எழுதியவரும் அவர்தான். அதற்குப் படம் போட்டவர், அதுவரை பல் ஆஸ்பத்திரி விளம்பரங்களுக்கு வரைந்துகொண்டிருந்த ஓவியர். சிரிக்கிற பல், அழுகிற பல், பிரஷ்ஷைக் கட்டிக்கொள்கிற பல் என்று நான்கு வருடமாக அவர் வரையாத பல் இல்லை. இந்தப் பாடம் தேறினால் ஐந்து வகுப்புப் புத்தகங்களுக்கும் அவர்தான் ஓவியர். தேறாவிட்டால் மறுபடியும் பல்.

சோதனை வகுப்பு நடந்த அன்று, இருவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் வகுப்பாசிரியை பிள்ளைகளுக்குத் தாளைக் கொடுக்க ஆரம்பித்தார். வட்டமான கேக் ஒன்று, பக்கத்தில் மூன்று தட்டுகள், கீழே ‘மூன்று சம பங்குகள்’ என்ற வரி. படத்தைப் பார்த்ததும் கவராயத்தின் முகம் மாறியது. கேக்கை மையத்திலிருந்து வெட்டியிருக்கவில்லை. ரொட்டியை வெட்டுவதுபோல மேலிருந்து கீழாக இரண்டு நேர்கோடுகள் இருந்தன.

பேசக் கூடாது என்பது அவரே போட்ட விதி. தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: ‘இதை எப்போது மாற்றினீர்கள்?’

ஓவியர் எழுதினார்: ‘நேற்று. நடுவிலிருந்து மூன்று கோடு போட்டால் மேஜைமேல் மின்விசிறி விழுந்த மாதிரி இருந்தது.’

‘சம பங்கு என்று போட்டிருக்கிறதே?’

‘சமம்தான். ஸ்கேல் வைத்து அளந்தேன்.’

கவராயம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“மூணு பேர் எழுந்து வாங்க. ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கணும்” என்றார் ஆசிரியை. மூன்று பேர் வந்தார்கள். மூன்று விரல்களும் நடுத்துண்டின் மேலேயே விழுந்தன.

“நான்தான் முதல்ல தொட்டேன்!”

“டீச்சர், இவன் தள்ளறான்!”

“எல்லாம் சமம்னுதானே போட்டிருக்கு? அப்புறம் எதுக்குடா சண்டை?” என்றார் ஆசிரியை.

எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் ‘வக்கீல்’ என்று பேர் வாங்கிய ஒரு சிறுமி முதல் பெஞ்சிலிருந்து எழுந்தாள். “சமமா? ஓரத்துத் துண்டைப் பாருங்க டீச்சர், தேய்ஞ்சு போன சோப்பு மாதிரி இருக்கு. இந்தப் படம் போட்ட அங்கிள் வீட்டுல எல்லாருக்கும் ஓரத்தைக் குடுத்துட்டு நடுவை அவரே சாப்பிட்டுடுவாரு போல!”

வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சில் ஓவியரின் காது மடல் சிவந்தது. விதிப்படி பார்த்தால் படத்தின் கதை அங்கேயே முடிந்தது. ஒரு கோரைப்பல்லுக்குக் கைகால் முளைத்து அவரை வா வா என்று கூப்பிடுவது அவர் கண்முன் தெரிந்திருக்க வேண்டும்.

சிரிப்பு அடங்கியதும் ஆசிரியை கேட்டார். “சரி வக்கீலம்மா, குத்தம் சொல்லியாச்சு. தீர்ப்பையும் நீயே சொல்லு. இதே மாதிரி நேரா ரெண்டு தடவைதான் வெட்டலாம். மூணு பேருக்கும் சமமா வரணும். என்ன பண்ணுவே?”

“நடுத்துண்டை ஒல்லியாக்கணும்.”

“எவ்வளவு ஒல்லியா?”

வக்கீல் முதன்முறையாக வாயை மூடிக்கொண்டாள். ஜன்னலோரப் பையன் ஒருவன் சந்தர்ப்பத்தை விடவில்லை. “அதெல்லாம் முடியவே முடியாது. ஓரத்துல ஒரு பக்கம் வளைஞ்சிருக்கு, நடுவுல ரெண்டு பக்கம் நேரா இருக்கு. பார்க்கவே வேற வேற. அப்புறம் எப்படிச் சமம் ஆகும்?”

“உன் தம்பி குண்டு, நீ நெட்டை. ரெண்டு பேரும் ஒரே எடைன்னு நீதானே சொன்னே?” என்றாள் வக்கீல்.

“அது எடைடி, இது கேக்.”

“கேக்குக்கு எடை இல்லையா? நீ என்ன கேக்கைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுவியா?”

அதற்குப் பிறகு பாடம் தாளில் இருந்தபடி நடக்கவில்லை. அறிவியல் அறையிலிருந்து இரண்டு தட்டுத் தராசு வந்தது. பழைய காலண்டர் அட்டைகளில் ஆசிரியை ஒரே அளவில் வட்டங்கள் வரைந்து கொடுத்தார். முதல் வட்டத்தை ஓவியரின் படத்தில் இருந்தபடியே மூன்று சம அகலத்தில் வெட்டினார்கள். ஒரு தட்டில் நடுத்துண்டையும் மறுதட்டில் ஓரத்துத் துண்டையும் வைத்ததும், நடுத்துண்டு இருந்த தட்டு டொக்கென்று மேஜையைத் தொட்டது. அடுத்த வட்டத்தில் நடுத்துண்டை வக்கீல் ரிப்பன்போல வெட்டினாள். அது மேலே போய் நின்றுகொண்டது. “பாவம், பட்டினி போட்டுட்டே” என்றான் ஜன்னலோரப் பையன். அவனே அடுத்த வட்டத்தை எடுத்து, குறுக்களவில் சரியாகக் கால் பங்கு அகலத்துக்கு வெட்டினான். தட்டுகள் ஆடின. நடுத்துண்டு இன்னும் கொஞ்சம் மேலேதான் இருந்தது.

“ஒரு நூல் சேர்த்து வெட்டு. ஒரே ஒரு நூல்!”

கடைசி பெஞ்சில் கவராயம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். வாய் மட்டும் மூடியிருந்தது.

அடுத்த வட்டத்தில் தராசு முள் நடுவில் நின்றது. துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் அசையவில்லை. பையன் நடுத்துண்டையும் ஓரத்துத் துண்டையும் கையில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தான். எப்படித் திருப்பினாலும் பொருந்தவில்லை. “பொருந்தலை. ஆனா சமம்” என்று கொஞ்சம் கோபமாகவே ஒப்புக்கொண்டான். ஆசிரியை அதை அப்படியே கரும்பலகையில் எழுதினார்.

மணி அடித்தது. இருவரும் பள்ளி வாசலுக்கு வந்தார்கள். ஓவியர்தான் ஆரம்பித்தார்.

“தப்பு என்னோடதுதான் மேடம். அகலம் சமமா இருந்தா பங்கும் சமம்னு நினைச்சுட்டேன்.”

“சிரிச்சாங்க இல்லையா?”

“சிரிச்சாங்க.”

“அப்போ அந்தப் படம் போயிடும். விதியை மாத்த முடியாது.” கவராயம் கைப்பையில் எதையோ தேடினார். “கூடவே இன்னொரு வரியும் போயிடும். அது நான் எழுதினது. ‘சம பங்குன்னா ஒரே வடிவம்’ அப்படின்னு ரெண்டாம் பக்கத்துல எழுதி வச்சிருக்கேன், பார்த்தீங்களா? இருபத்திரண்டு வருஷமா ஒவ்வொரு பதிப்புலயும் இருக்கு. அந்தப் பையன் அதைத்தான் சொன்னான். அவன் பேர்ல தப்பில்லை, என் புத்தகம் படிச்ச பிள்ளை.”

“அந்த வரிக்கு யாரும் சிரிக்கலையே மேடம்” என்றார் ஓவியர்.

“சிரிச்சிருந்தா அப்பவே திருந்தியிருப்பேன்.” தேடியது கிடைத்தது, கசங்கிய ஒரு தாள். “இப்ப நாலு கேக் வரையணும். ஒண்ணு நீங்க வெட்டினது, ஒண்ணு வக்கீல் வெட்டினது, ஒண்ணு கால் பங்கு, ஒண்ணு சரியானது. எது சரின்னு புத்தகத்துல சொல்லப் போறதில்லை. அட்டையும் கத்திரிக்கோலும் பக்கத்துல வரைஞ்சிடுங்க, போதும்.”

“இந்தப் பாடத்துக்கு மட்டுமா?”

“மத்த நாலு வகுப்பு யார் வரைவா? நானா? எனக்குக் கோடு போட்டாலே கோணும்.” தாளை அவர் கையில் திணித்தார். “இது அடுத்த பாடம். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கற எண்கள்.”

ஓவியர் தாளைப் பிரித்து நடைபாதையிலேயே நின்று படித்தார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்து அலுத்துப்போய் சுற்றிக்கொண்டு போனார்.

“மேடம், இல்லாததை வரையலாம். இல்லாததைவிடக் குறைஞ்சதை எப்படி வரையறது?”

“அதைத்தான் நானும் ரெண்டு மாசமா யோசிக்கிறேன்” என்றார் கவராயம். “திங்கட்கிழமை ஆஃபீஸுக்கு வந்துடுங்க. கோடு வேணா போடுங்க, ஸ்கேல் மட்டும் வேண்டாம்.”