ஒலியைச் சுமந்த கட்டி

தவோங்காவின் வலது காது சின்ன வயதிலேயே அம்மையோடு போய்விட்டது. மிச்சமிருந்த இடது காதிலும் ஆறு வருடமாகச் சீழ். அந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டுதான் அவர் ம்சூசு நகர நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். சாட்சி தும்புகா மொழியில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும்.

"நாத்தம்னு எல்லாரும் தள்ளி உக்காருறாங்க. நீதிபதிக்கு மூக்கடைப்பு இருக்குற வரைக்கும் எனக்கு வேலை இருக்கு டாக்டரே."

நான் டாக்டர் இல்லை, காது மருத்துவ அலுவலர். எங்கள் பக்கம் காது பார்ப்பது என்னைப் போன்றவர்கள்தான். அறுக்க வேண்டியவற்றுக்கு டாக்டர் ம்சிஸ்கா வருடத்துக்கு மூன்று முறை நுண்ணோக்கியோடு வருவார்.

செவிப்பறையின் மேல் ஓரத்தில் பழுப்பாக ஒரு பொருக்கு இருந்தது. குரும்பி என்று பலர் விட்டுவிடுவது இதைத்தான். மெல்ல எடுத்தேன். அடியில் முத்து வெள்ளை. கொலஸ்டியாட்டோமா. பெயர்தான் பெரிது, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் தோல், அவ்வளவே. செவிப்பறையின் மேல்பகுதி உள்ளே இழுபட்டுப் பையாகிறது. பைக்குள் உதிரும் தோல் வெளியேற வழியின்றி அடுக்கடுக்காகச் சேர்ந்து, சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கிறது. மேலே இருப்பது மூளை.

ஆனால் சோதனையில் அந்தக் காது நன்றாகவே கேட்டது. ஸ்கேன் படத்தைப் பார்த்த ம்சிஸ்கா தொலைபேசியில் அழைத்தார்.

"சத்தத்தக் கடத்துற மூணு எலும்புல நடுவுல இருக்குற பட்டடை எலும்பே இல்ல. அந்த இடத்துல கட்டி நின்னு சத்தத்தக் கடத்துது. எடுத்தா கேக்குறதும் போயிரும். எடுக்கலைன்னா உயிரு போயிரும். ரெண்டையும் சொல்லிக் கையெழுத்து வாங்கு."

சொல்லிக் கையெழுத்து வாங்குவது எப்போதும் என் வேலை. முந்தின வருடம் இதே நோயோடு வந்த ஒரு மீன் வியாபாரியிடம் முழுவதும் சொன்னேன். அறுவை வேண்டாமென்று படியிறங்கிப் போனவர் மூளையில் சீழ் கட்டி இறந்தார். அதனால் தவோங்காவிடம் உயிரைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எடுத்தப்புறம் கேக்குமா?"

"கேக்கும்."

அறுவை மேசையில் ம்சிஸ்கா, "ரெண்டையும் சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லியாச்சு என்றேன். காதுக்குப் பின்னால் கீறி, எலும்பைக் குடைந்து, வெங்காயத் தோல் போன்ற அந்தக் கட்டியைத் துளி விடாமல் எடுத்தார். மூளையை மூடிய எலும்பு காகிதமாகியிருந்தது. மூன்றில் கடைசியான அங்கவடி எலும்பிலும் அடித்தட்டுதான் மிச்சம். செயற்கை எலும்பு வைத்துப் பார்ப்பதைக்கூட ஒரு வருடம் கழித்துத்தான் யோசிக்க முடியும். குறை சொல்ல முடியாத அறுவை.

மூன்று வாரம் கழித்துக் காதிலிருந்த பஞ்சை எடுத்தேன். பேசினேன். தவோங்கா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கும் கருவிக்கு எழுதிப் போடுவதாகத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, பையிலிருந்து மருத்துவமனைச் சீட்டை எடுத்து ஒரு வரியில் விரல் வைத்தார். நான் எழுதிய ஆங்கில வரி. நீதிமன்றத்தில் செய்வது போலவே நிதானமாகத் தும்புகாவில் சொன்னார்.

"கேட்கும் திறன் போகலாம் என்று நோயாளியிடம் முன்கூட்டியே விளக்கப்பட்டது."

குரல் தாழ்ந்தே இருந்தது. இந்த வகைச் செவிட்டில் யாரும் கத்த மாட்டார்கள். அவரவர் குரல் எலும்பு வழியே அவரவருக்கு உரக்கக் கேட்கும்.

"கோர்ட்டுல பதினோரு வருஷம் நின்னுருக்கேன். பயந்துருவானேன்னு ஒரு கொலைகாரனுக்குக்கூட ஒரு வரிய மறைச்சதில்ல, டாக்டரே."

தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்திவிட்டு, என் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.