பதினான்கு மில்லிமீட்டர் தாழ்வாரம்

ஞானாபரணம் புதிதாக வாங்கிய மூக்குக்கண்ணாடியில் பதினான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள தாழ்வாரம் ஒன்று இருந்தது. அதன் மேல்கோடியில் அவருடைய மனைவி சொர்ணபாய் நின்றிருந்தாள். அவள் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே தூரப்பார்வைப் பகுதியைத் தவிர வேறெங்கும் அவளை நிறுத்த இயலாது என்று கடைக்காரர் பேச்சிமுத்து விளக்கினார்.

"புரோகிரசிவ் கண்ணாடின்னா அப்படித்தான் அண்ணாச்சி. மேலே தூரம், நடுவிலே மேசை, கீழே புத்தகம். மேலேயிருந்து கீழே இறங்குற ஒடுக்கமான வழியைத்தான் தாழ்வாரம்னு சொல்றது. ஓரத்திலே பார்த்தா எல்லாம் நெளியும்."

"அவளைக் கீழே கொண்டுவர முடியுமா?"

"அவங்களாத்தான் நடந்து வரணும். நேரா வரணும்."

ஞானாபரணத்தைக் கவலை பிடித்துக்கொண்டது. முப்பத்தோராண்டு மணவாழ்க்கையில் சொர்ணபாய் எங்கும் நேராக நடந்ததில்லை. பாளையங்கோட்டைச் சந்தைக்குப் புறப்பட்டால் நான்கு வீட்டு வாசலில் நின்று, ஐந்தாம் வீட்டுக்குள் நுழைந்து, கத்தரிக்காய் இல்லாமல் திரும்புவாள்.

"பதினைஞ்சு நாள்லே கண்ணாடி பழகிடும்," என்றார் பேச்சிமுத்து. "பழகிட்டா தாழ்வாரம் தெரியாது. அதுக்குள்ளே பார்த்துக்கிடுங்க. கண்ணைத் திருப்பாதீங்க. எதைப் பார்க்கணுமோ அதுக்கு மூக்கைக் காட்டுங்க."

அன்று முதல் ஞானாபரணம் சொர்ணபாய்க்கு மூக்கைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் வாரத்தில் அவள் நான்கு மில்லிமீட்டர் வந்தாள். சுவரில் சாய்ந்திருந்த நாட்காட்டியை நிமிர்த்தினாள். அவர்களுக்கு மணமான ஆண்டின் நாட்காட்டி அது. பிறகு பதநீர்க்காரியுடன் பேசுவதற்காக ஓரத்துக்குப் போனாள். உடனே நெளிந்து காணாமற்போனாள். இரண்டு நாள் கழித்து மேல்கோடியிலிருந்து மறுபடியும் புறப்பட்டாள்.

"நேரே வா, சொர்ணம்."

"நேரேதானே வாறேன். ஆளுங்க கூப்பிட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போகச் சொல்றீங்களா?"

"யார் கூப்பிட்டது? எனக்குக் கேட்கவில்லையே."

"உங்களுக்கு எப்பக் கேட்டிருக்கு? பேப்பர்லே தலையை விட்டா வீடு இடிஞ்சாலும் தெரியாது."

உண்மைதான். அந்த நாளில் அவர் எந்நேரமும் படித்துக்கொண்டிருந்தார்.

பதினான்காம் நாள் மாலையில் தாழ்வாரம் நீண்டுகொண்டே போயிற்று. ஆயினும் சொர்ணபாய் நடுப்பகுதியை எட்டிவிட்டாள். வழியில் கிடந்த சாப்பாட்டு மேசையைச் சுற்றாமல் அதன் ஊடாகவே வந்தாள். ஞானாபரணம் முகவாயை உயர்த்தினார். கண்ணாடியின் கீழ்ப்பகுதி அவளுக்கு நேராக அமைந்தது.

ஒரு முழத் தொலைவில் அவள் முகம் இருந்தது. இடப்புருவத்தில் ஊஞ்சல் பலகை பட்ட தழும்பு. அது அவருக்கு மறந்தே போயிருந்தது. மூக்கின் நுனியில் கொஞ்சம் கடலைமாவு. அவர் ஒவ்வொன்றாகப் படித்தார்.

சொர்ணபாய் கண்ணைச் சுருக்கினாள்.

"யாரு நீங்க?"

"நான்தான்."

"நான்தான்னா? முகமே பிடிபடல்லையே."

அவளுக்கு நாற்பத்திரண்டாம் வயதில் வெள்ளெழுத்து வந்திருந்தது. கண்ணாடி போட மறுத்துவிட்டாள். ஆலயத்தில் பாட்டுப்புத்தகத்தைக் கையெட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்தே பாடுவாள். அது முன்வரிசையில் நிற்பவரின் முதுகில் இடிக்கும். கிட்டே இருக்கும் எதுவும் அவளுக்குத் தெரியாது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள்.

ஞானாபரணம் அவள் முகத்தை இன்னொரு தடவை படித்தார். பிறகு, அவள் கீழ்க்கோடியில் நிற்க, அவர் தாழ்வாரத்துக்குள் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கினார்.

"இன்னும்."

மேசையின் ஊடாகப் பின்னே சென்றார். தழும்பு போயிற்று.

"இன்னும் கொஞ்சம்."

புருவமும் போயிற்று. அவருடைய முதுகு மேல்கோடிச் சுவரில் முட்டியது.

"ஆங், இப்பத் தெரியுது," என்றாள் சொர்ணபாய். "இப்படியா சட்டையை மாட்டுவாங்க? பொத்தானெல்லாம் மாறிக் கிடக்கு."

அவர் குனிந்து பார்த்தார். ஒரு பொத்தான் தள்ளித்தான் போட்டிருந்தார். எல்லாவற்றையும் கழற்றினார். அவள் பார்த்துக்கொண்டிருக்க, மேலிருந்து ஒவ்வொன்றாக, மிக மெதுவாகப் போடத் தொடங்கினார்.