பன்னிரண்டு விலாமரங்களுக்குத் திருநீறு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, மலேசியாவின் ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் எங்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் எனக்கு மண்டை வெடித்தது. முந்நூறு வருடம் கடலடியில் கிடந்த போர்க்கப்பலின் விலா எலும்பு போல வளைந்த பன்னிரண்டு மரங்களை ஈரச்சாக்கு போர்த்தி வரிசையாக வைத்திருந்தோம். இப்போது சாக்கைக் காணோம். ஒவ்வொரு மரத்திலும் மூன்று பட்டை திருநீறு!

“நாகையாண்ணே!” என்று கத்தினேன். பட்டறையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

“பூஜை மேடம். லோரி, கிரைண்டர் எல்லாத்துக்கும் போட்டேன்.”

“கப்பலுக்குமா?”

“போர்க்கப்பல்னா ஆயுதம்தானே? விட்டா சாமி கோவிச்சுக்கும்லா.”

“சாமி கோவம் இருக்கட்டும். என் கோவத்தைப் பார்த்திருக்கீங்களா? வெளியே போங்க!”

முகம் தொங்கிப்போய் வெளியே போனார். மதியம் இரண்டு மணிக்கு நிபுணர் குழு வருகிறது. நான் செய்த சின்ன மாதிரிக் கப்பலுக்குச் சரி என்று சொல்லிவிட்டால், நாளையே இந்த மரங்களைத் துளைத்து அதே வரிசையில் ஆணி இறக்கிவிடுவார்கள். கூர்மூக்கு வேகக்கப்பல் என்பது என் கட்சி. அதற்காக இரண்டு வருடம் மாரடித்திருக்கிறேன். நிரஞ்சனி என்ற என் பேரே அதில்தான் தொங்குகிறது.

வாளித் தண்ணீரும் மெல்லிய பிரஷுமாகக் கழுவினேன். மேலே இருந்த சாம்பல் கரைந்தது. மரத்தில் வெள்ளைக் கோடுகள் மட்டும் போகவில்லை. குனிந்து பார்த்தால், அந்தக் காலத்துத் தச்சர் கீறிய ரோமன் எண்! கறுத்த மரத்தில் எங்கள் யார் கண்ணிலும் படாத மெல்லிய கீறலில் திருநீறு போய் உட்கார்ந்திருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, என் வரிசையேதான். துள்ளிக் குதித்தேன். நான்காவது மரத்தில் ஏழு. ஓடிப்போய் ஏழாவதைக் கழுவினேன். நான்கு.

ஐயோ! மாற்றி வைத்தால் கூர்மூக்கு போய்விடும். என் வேகக்கப்பல் தொப்பைக் கப்பல் ஆகிவிடும்.

பட்டறையில் வேறு யாரும் இல்லை. பிரஷை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் கீறலில் இருக்கும் திருநீறும் போய்விடும், ஒருவருக்கும் தெரியாது. கை அதற்குத் தயாராகவே இருந்தது. வெட்கக்கேடு, ஒரு முழு நிமிடம் யோசித்தேன்.

பிறகு பிரஷைப் போட்டுவிட்டுக் குழுத் தலைவருக்கு ஃபோன் செய்தேன். “வாங்க சார். ஆனா என் மாடல் தப்பு” என்றேன்.

நாகையாண்ணன் வாசலில் நின்றிருந்தார். “நானே கழுவிடறேன் மேடம். வேலையை விட்டு மட்டும் தூக்கிடாதீங்க.”

“தப்பு உங்களோடது இல்லண்ணே, என்னோடது. நாலாவது மரத்தையும் ஏழாவதையும் இடம் மாத்தி வெச்சிருக்கேன். கத்தினதுக்கு மன்னிச்சிடுங்க” என்று அழுதுவிட்டேன்.

அவருக்குப் பாதிதான் புரிந்தது. நான்காவது மரத்தின் ஒரு முனைக்குப் போய் நின்றுகொண்டார்.

“அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம் மேடம். அந்தப் பக்கம் பிடிங்க.”