ஐம்பத்தொன்றில் ஒரு சுருதி

பால்ராஜ் பாடினால் தெருநாய் ஓடிவிடும் என்று கள்ளிக்குப்பத்தில் சிலர் சொல்வார்கள். அது நாய்க்குச் செய்கிற அநியாயம். நாய் ஓடாது. உட்கார்ந்து, கழுத்தைத் தூக்கி, தானும் கூடச் சேர்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட குரல். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மனிதர் கட்டிக்கொண்டது ஞானகுமாரியை. பூந்தமல்லிப் பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு டீச்சர், அதை ஒட்டிய சர்ச்சில் பாடகர் குழுத் தலைவி. மிக்ஸி ஓடினால் அது எந்தச் சுரத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிடுகிற காது அந்த அம்மாளுக்கு.

கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு, மனைவி முன்னால் நின்று கையை அசைக்கிறாளே என்ற பெருமையில், பால்ராஜ் குழுவின் கடைசி வரிசையில் போய் நின்று தொண்டை கிழியப் பாடினார். ஆராதனை முடிந்ததும் ஞானகுமாரி அவரை வண்டிகள் நிற்கும் பக்கம் தனியே அழைத்துக்கொண்டு போனாள்.

"ஏங்க, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த தடவை வாயை மட்டும் அசைங்க. சத்தம் வேண்டாம்."

"சுருதி சேரலையா?"

"கேளுங்க, தானா சேரும்னு எத்தனை தடவை சொல்றது? கேக்கவே மாட்டேங்கறீங்க."

பால்ராஜ் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எதைக் கேட்க வேண்டும் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து பதினெட்டு வருஷம், ஞாயிறு தவறாமல் சபையோடு நின்று வாயை மட்டும் அசைத்தார். ஆனால் ஆசை என்பது சொன்ன பேச்சைக் கேட்கிற சாமானா? ஒரே ஒரு கிறிஸ்துமஸுக்காவது அவள் குழுவில் நின்று, அவள் கையசைப்புக்கு வாய்விட்டுப் பாடிவிட வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசை கிடந்து அடித்துக்கொண்டது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் சொல்லவில்லை.

அவர் தொழில் போர் மோட்டார். கெட்டுப்போன மோட்டாரை ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏற்றுவது, சரிசெய்து இறக்குவது. அதற்கென்று ஒரு பிக்கப் வண்டி. முன்னால் குடும்பம், பின்னால் குழாயும் சங்கிலியும் மோட்டாரும். காலையில் மனைவியைப் பள்ளியில் விடுவதும் அதே வண்டி, வேப்பம்பட்டுப் பக்கம் புதிதாகப் போட்ட மனைகளில் களிமண்ணுக்குள் இறங்குவதும் அதே வண்டி. ஜூன் மாதம் ஒரு மழைக்கு அப்படி இறங்கிய வண்டி ஏற மறுத்துவிட்டது. கடைசியில் ஜேசிபி வந்து கட்டி இழுத்தது. வேடிக்கை பார்க்க வந்த வீட்டுக்காரர் செல்போனில் படம் வேறு எடுத்தார். மானம் போயிற்று. மறுநாளே பால்ராஜ் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் முகமது ஆசிக்கின் டயர் கடையில் போய் நின்றார்.

ஆசிக் டயரைக் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, பட்டன்லாம் மொட்டையாகீது. இத்த வச்சிக்கினா சேத்துல எறங்குன?" என்றான்.

"சேத்துல நிக்காம போற டயரா குடு நைனா."

"மட் டயர் கீது. சேத்துல ராஜா. ஆனா நீ டெய்லி ரோட்ல ஓட்ற ஆளு, பேஜாராப் பூடும். ரோடு டயர் சொகுசா போவும், ஆனா மறுபடி ஜேசிபி ஆண்டதான் போய் நிப்ப. ரெண்டுக்கும் நடுவுல ஏ.டி., ஆல் டெரெய்ன். உனக்கு அதான் செட்டாவும். மைலேஜ் ஒண்ணு ஒண்ணரை கொறையும், ஸ்டீரிங் கொஞ்சம் கனமாவும். மொத ஐந்நூறு கிலோமீட்டர் மழைல பாத்துப் போ, புது ரப்பர் வழுக்கும். அப்பால, சத்தம் வரும். சொல்ட்டேன். பின்னால வந்து என்னாண்ட சண்ட வலிக்காத."

"சத்தம் கெடக்குது. என் காதுல இன்னா ஏறப்போவுது?"

அவர் காதைப் பற்றிச் சரியாகத்தான் சொன்னார். வீட்டில் இன்னொரு ஜோடிக் காது இருப்பதைத்தான் மறந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை வண்டி பைபாஸில் ஏறி வேகம் பிடித்ததும், ஞானகுமாரி கைப்பையை மடியில் வைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"என்னங்க இது, யாரு அழுறாங்க?"

"புது டயர்."

"இது ஜி சுரமும் இல்லை, ஜி ஷார்ப்பும் இல்லை. ரெண்டுக்கும் நடுவுல தொங்கிக்கிட்டு உயிரை வாங்குது. குறைங்க. வேகத்தைக் குறைங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அங்கேயே நில்லுங்க. எத்தனை காட்டுது?"

"ஐம்பத்தொண்ணு."

"இதுதான் சுத்தமான ஜி. இனிமே நான் வண்டியில இருந்தா ஐம்பத்தொண்ணுதான்."

உலகத்தில் எவ்வளவோ பேர் டயரோடு குடித்தனம் பண்ணுகிறார்கள். காற்று பார்க்கிறார்கள், அலைன்மென்ட் பார்க்கிறார்கள், பால்ராஜைப் போல சாயங்காலமானால் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பட்டன் இடுக்கில் மாட்டிய ஜல்லியைத் தோண்டுகிறார்கள். மனைவியின் சுரத்துக்கு வண்டி ஓட்டியவர் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அமுக்கிச் சபித்தான். பால்ராஜ் இம்மியும் அசையவில்லை. முள் ஐம்பத்தொன்றில் நின்றது, ஞானகுமாரி காதிலிருந்து கையை எடுத்தாள்.

அவளை இறக்கிவிட்டுத் திரும்புகிற வழியில்தான் அது நடந்தது. தனியாக இருக்கிறோம் என்ற துணிச்சலில், டயர் சத்தத்தோடு சேர்ந்து சும்மா "ம்ம்ம்" என்று முனகினார். உடனே காதுக்குள் ஓர் அலை எழுந்தது. உவ், உவ், உவ் என்று அடித்தது. பால்ராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த அலை அவருக்குத் தெரியும்! ஒரே தளத்தில் இரண்டு மோட்டார் போட்டு, ஒன்று கொஞ்சம் முந்தியும் ஒன்று கொஞ்சம் பிந்தியும் ஓடினால் வருகிற அதே அலை. இருபத்தைந்து வருஷமாகக் காதாலேயே கண்டுபிடிக்கிற கோளாறு. குரலை லேசாக ஏற்றிப் பார்த்தார். அலை வேகமாக அடித்தது. இறக்கினார். அலை நிதானமானது. இன்னும் ஒரு நூல் இறக்கினார். அலை நின்றே போனது. டயரும் நெஞ்சும் ஸ்டீரிங்கும் ஒரே ஓட்டமாக ஓடின.

"அட இதுதானாய்யா சுருதி! இதச் சொல்றதுக்கு இன்னா கேடு?" என்று அவர் கத்திய கத்தலில் பக்கத்தில் போன ஆட்டோக்காரர் பயந்து ஒதுங்கினார்.

அதற்குப் பிறகு மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் குடியிருக்கிற அடுக்குமாடியில் மேல்வீட்டில் ரூபஸ் என்று ஒரு பையன். கணிப்பொறி வேலை, குழுவில் கீழ்க்குரலான பேஸ் பாடுகிறவன். அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கி, எந்த வேகத்தில் டயர் என்ன சுரம் போடுகிறது என்று செல்போன் செயலியில் பார்க்கச் சொன்னார். மேல்நாட்டுச் சரிகமப்படி முப்பத்துநான்கில் டோ, முப்பத்தெட்டில் ரே, நாற்பத்துமூன்றில் மீ, நாற்பத்தைந்தில் ஃபா. ஐம்பத்தொன்றில் சோ, அதாவது ஞானகுமாரியின் ஜி. ஐம்பத்தேழில் லா. பால்ராஜ் எண்களை மட்டும் ஓர் அட்டையில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டினார்.

"இது என்ன கணக்கு?" என்று ஞானகுமாரி கேட்டாள்.

"காத்து. லோடுக்குத் தகுந்த மாதிரி அடிக்கணும்ல."

அவள் நம்பிவிட்டாள். டயர்களை முன்னும் பின்னும் மாற்றிப்போட வண்டியைக் கொண்டுபோனபோது ஆசிக்தான் அட்டையைப் பார்த்து அலறினான். "யோவ் அண்ணாத்தே! ஐம்பத்தேழு அடிச்சிக்கினு சுத்துறியா? எதுனா ஒண்ணு ஆச்சின்னா என் கடைப் பேருதானே நாறும்!"

ஆறு மாதம். வேப்பம்பட்டுக்கும் திருநின்றவூருக்கும் போய் வருகிற வழியெல்லாம் பால்ராஜ் டயரோடு பாடினார். சேற்றில் ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லை. வண்டி பற்றி யாராவது கேட்டால் அதைத்தான் சொன்னார். மற்றதைச் சொல்லவில்லை.

டிசம்பர் வந்தது. வருஷா வருஷம் வருகிற தலைவலியும் கூடவே வந்தது. குழுவில் பேஸ் பாடுகிற பையன்கள் முக்கால்வாசிப் பேர் வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். கிறிஸ்துமஸ் என்றால் நாசரேத்துக்கும் மார்த்தாண்டத்துக்கும் டிக்கெட் எடுத்துவிடுவார்கள். கேரல் ஆராதனைக்கு எட்டு நாள் இருக்கும்போது, எண்ணிப் பார்த்தால் ரூபஸ் ஒருவன்தான் மிச்சம்.

சனிக்கிழமை மத்தியானப் பயிற்சியில் ஞானகுமாரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "யாராவது ஒரு ஆள் பேஸுக்கு வேணும். இல்லாட்டி பாதிப் பாட்டை வெட்ட வேண்டியதுதான்" என்றாள்.

மனைவியை அழைத்துப்போகக் கடைசி நாற்காலியில் காத்திருந்த பால்ராஜ் எழுந்தார்.

"நாற்காலியெல்லாம் அப்புறம் எடுத்துப் போடலாங்க, உக்காருங்க" என்றாள்.

"நாற்காலிக்கு இல்லை. பாட."

யாரோ இருமினார்கள். ரூபஸ் கூரையைப் பார்த்தான். ஞானகுமாரியின் முகம் சிவந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மறுக்கவும் முடியாமல் கீபோர்டில் ஜி-யை அமுக்கினாள். பால்ராஜ் வாயைத் திறந்தார். உட்காரும் இருக்கை அதிரவில்லை. கையில் ஸ்டீரிங் இல்லை. எண்பது கண்கள் மட்டும் இருந்தன. வந்த குரல் ஜி-யைத் தேடிப் போய், வழி தவறி, ஊரெல்லாம் சுற்றிவிட்டு எங்கேயோ விழுந்தது. முன்வரிசைப் பெண்கள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஞானகுமாரி சிரிக்கவில்லை. "வேண்டாங்க" என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

பயிற்சி முடிந்து வீட்டுக்குத் திரும்பினார்கள். வண்டி பைபாஸில் ஏறியது. வெயில் சாய்ந்து கண்ணாடியில் அடித்தது. பழக்கதோஷத்தில் ஞானகுமாரி, "ஐம்பத்தொண்ணு" என்றாள். பழக்கதோஷத்தில் பால்ராஜும் முள்ளை அங்கே நிறுத்தினார். இனிமேல் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது, போதும், பட்டது போதும் என்று நெஞ்சு பொருமியது. ஆறு மாதப் பழக்கம் மட்டும் அவரைக் கேட்காமலே வேலை செய்தது.

ஞானகுமாரி சட்டென்று திரும்பினாள். "இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"முனகினீங்க."

"மன்னிச்சுக்கோ. இனிமே முனகலை."

"முனகுங்கன்னு சொல்றேன்!"

அவர் பயந்துகொண்டே முனகினார். அவள் மூச்சைப் பிடித்துக் கேட்டாள். "வேகத்தை ஏத்துங்க" என்றாள். ஐம்பத்தேழு. குரல் கூடவே ஏறியது. "இறக்குங்க." நாற்பத்தைந்து. இறங்கியது. நாற்பத்துமூன்று. ஒட்டிக்கொண்டே வந்தது. ஞானகுமாரி டேஷ்போர்டு அட்டையைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"இது காத்து இல்லையா?"

"இல்லை."

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா. டயர் போட்டதிலேர்ந்து."

"ஓரமா நிறுத்துங்க."

சர்வீஸ் ரோட்டில் இறங்கி, பூட்டிக்கிடந்த ஒரு கிடங்கின் வாசலில் நிறுத்தினார். "எஞ்சினை அணைங்க. இப்ப சோ பாடுங்க."

"டயர் ஓடலையே ஞானம். வராது."

"நான் டயர்" என்றாள் ஞானகுமாரி. "நான் ஓடுறேன். நீங்க சேருங்க."

சொல்லிவிட்டு வாயை மூடி "ம்ம்ம்" என்று ஜி-யை இழுத்துப் பிடித்தாள். பால்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அலை அடித்தது. அப்பாடா, அலை இங்கேயும் இருக்கிறது! ஒரு நூல் இறக்கினார். நிதானமானது. இன்னும் கொஞ்சம். நின்றது. இரண்டு பேரும் மூச்சு முட்டும்வரை அதை விடவில்லை.

அவர் கண்ணைத் திறந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அலையைப் பற்றியும் இரண்டு மோட்டாரைப் பற்றியும் அவர் தட்டுத்தடுமாறிச் சொன்னார். "அதைத்தான் கேக்கணும்னு தெரியாமப் போச்சு" என்றார்.

"தெரியாமப் போனது உங்களுக்கா? கேளுங்க கேளுங்கன்னு கத்தினேனே, எதைக் கேக்கணும்னு ஒரு நாளாவது சொன்னேனா? பாட்டு டீச்சராம் நான்!" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாளைக்கு மூணு மணிக்குப் பயிற்சி. அஞ்சு நிமிஷம் லேட்டானாலும் உள்ளே விட மாட்டேன்."

அந்த எட்டு நாளும் வீட்டில் சோறு பாதி வெந்தது, குழம்பு அடிப்பிடித்தது. இரண்டு பேரும் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

கேரல் ஆராதனை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். சர்ச் நிறைந்து வாசல்வரை ஆட்கள். ரூபஸுக்குப் பக்கத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பால்ராஜ் நின்றார். ஞானகுமாரி கையைத் தூக்கினாள். நாற்பது பேர் குரலும் ஒன்றாக எழுந்தது.

இரண்டாவது வரியில் பால்ராஜுக்கு ஒரு சந்தேகம் வந்தது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை. வாய் அசைகிறது, மூச்சு போகிறது, காதில் மட்டும் தன் குரல் என்று எதுவும் தனியாக விழவில்லை. ஐயோ, பயத்தில் நின்றுபோய்விட்டதா? பாடுகிறோமா இல்லையா? ஒன்றும் புரியாமல், சரிபார்ப்பதற்காக ஒரு கணம் பாட்டை நிறுத்திப் பார்த்தார்.

உடனே அடியில் ஏதோ உருவிக்கொண்டு போனது போல முழுப்பாட்டும் மெலிந்தது. முன்னால் கையசைத்துக்கொண்டிருந்த ஞானகுமாரியின் தலை சடாரென்று கடைசி வரிசைக்குத் திரும்பியது. நாற்பது பேரில் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, கண்ணை உருட்டி, எங்கே போனீர்கள் என்று புருவத்தாலேயே அதட்டினாள்.

பால்ராஜுக்கு அந்த அதட்டல் இனித்தது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி பாட ஆரம்பித்தார்.